உகாண்டா பார்ட்டி "லோன் சாங்ஷன் ஆயிருச்சு"ங்கறார், மெஷினை ஏத்தலாமா?

எக்ஸ்பெல்லர்கோவை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோவையில எண்ணெய் எக்ஸ்பெல்லர், அதாவது விதையைப் பிழிஞ்சு எண்ணெய் எடுக்கற மெஷின் செய்யறோம். உகாண்டாவுல லிரா பக்கம் சூரியகாந்தி ஆட்டற சின்ன ஆலை ஒண்ணு, ஒரு நாளைக்கு 10 டன் ஓடற லைன் கேட்டிருக்குது. ரெண்டு எக்ஸ்பெல்லர், குக்கிங் கெட்டில், ஃபில்டர் பிரஸ், ஒரு செட் ஸ்பேர் வார்ம் (பிழியற திருகு). ஒட்டுக்கா 60,000 டாலர். பேச்சு கம்பாலா டீலர் மூலமா.

ஆலைக்காரர் கையில 20 சதம்தான் இருக்குதாம். மிச்சம் 48,000 டாலருக்கு, அங்கத்த அரசாங்க வேளாண் கடன் திட்டத்துல 12 வட்டிக்கு சாங்ஷன் ஆயிருச்சுன்னு பேங்க் கடிதத்தோட நகல் அனுப்பியிருக்கார். டீலர் என்னடான்னா, "ஐரோப்பா ஃபண்டோட கேரண்டி இருக்குது, பயப்படாதீங்க, டாக்குமெண்ட்டை நேரா எனக்கு அனுப்புங்க"ங்கறார். பேங்க் பணம் தாமதமானா 18 மாசம் நீங்களே கடன் குடுத்துருங்கன்னும் ஒரு பேச்சு ஓடுது.

இந்தக் கடிதத்தை நம்பி உற்பத்தியை ஆரம்பிக்கலாமுங்களா? அந்தக் கேரண்டி நமக்கு எந்த விதத்துல உதவும்? விவரம் தெரிஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும்.

எல்சி மேசை:

ஏத்தாதீங்க. சாங்ஷன் கடிதம் பேங்க் தன்னோட வாடிக்கையாளருக்கு எழுதினது. அதை வெச்சு நீங்க பேங்க்கிட்ட ஒரு பைசா கேக்க முடியாது.

உங்களுக்கு வந்த நகல்ல முதல் பக்கம் மட்டும்தான் இருக்கும்னு நினைக்கிறேன். முழுக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்க. பணம் விடறதுக்கு முன்னாடி நிறைவேற வேண்டிய நிபந்தனைன்னு பின்னாடி ஒரு பட்டியல் வரும்: நிலத்து மேல அடமானப் பதிவு, மதிப்பீட்டாளர் அறிக்கை, ஆலைக்காரர் பங்குத் தொகையை அதே பேங்க்ல கட்டின ரசீது, இன்சூரன்ஸ், சில பேர் கட்டடம் தயார்ங்கற சான்றும் கேப்பாங்க. மாசக்கணக்குல இழுக்கறது இந்த இடத்துலதான். நிலம் அப்பா பேர்லயோ குடும்பத்துப் பேர்லயோ இருந்து பட்டா மாத்தாம கிடந்தா அடமானப் பதிவே நடக்காது. கடிதத்துல காலாவதித் தேதியும் போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க.

நீங்க கேக்க வேண்டியது அதே பேங்க் திறக்கற சைட் எல்சி, அதாவது சரியான கப்பல் டாக்குமெண்ட்டைக் காட்டினதும் பணம் தர்றதா பேங்க் உங்களுக்குக் குடுக்கற உறுதி. எல்சிக்கான சர்வதேச விதித் தொகுப்பான யுசிபி 600-படி எல்சிங்கறது திறந்தவங்க இஷ்டத்துக்கு ரத்து பண்ண முடியாத ஒண்ணு. நிபந்தனை எல்லாம் முடிஞ்சிருந்தா எந்த பேங்க்கும் அந்த டேர்ம் லோனை வெச்சே எல்சி திறந்து குடுக்கும். திறக்க மாட்டேங்குதுன்னா லோன் இன்னும் காகிதத்துலதான் இருக்குதுன்னு வெச்சுக்கோங்க.

நொய்யல்கரை:

மேலே சொன்னதுல மாற்றுக் கருத்து இல்லை. அந்த 12 வட்டித் திட்டம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க மாட்டும்னு புரியும், அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

2009-ல உகாண்டா அரசாங்கம் வணிக வங்கிகளோட சேர்ந்து ஆரம்பிச்ச அக்ரிகல்சுரல் கிரெடிட் ஃபெசிலிட்டி அது. நிர்வாகம் பண்றது அவங்க மத்திய வங்கியான பேங்க் ஆஃப் உகாண்டா. கடன்ல பாதியை அரசாங்கம் வட்டியில்லாம வெக்குது, மறுபாதி பேங்க்கோட சொந்தப் பணம். அதனாலதான் பொதுவா 18 சதத்தை ஒட்டி நிக்கற ஷில்லிங் கடனை 12-க்கு மேல போகாம குடுக்க முடியுது. தவணை அதிகபட்சம் 8 வருஷம், அசலுக்கு விடுப்பு 3 வருஷம் வரைக்கும். விளைபொருளைப் பக்குவப்படுத்தற மெஷினுக்கு உண்டு, நிலம் வாங்கறதுக்கும் பழைய கடனை அடைக்கறதுக்கும் கிடையாது. நம்ம சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி, பேங்க்குங்களுக்குக் குடுக்கற ரீஃபைனான்ஸைப் பாத்தவங்களுக்கு இந்த அமைப்பு புதுசில்லை.

ஆனா பேங்க் சாங்ஷன் வேற, மத்திய வங்கி அந்தக் கடனைத் திட்டத்துல ஏத்துக்கறது வேற. ரெண்டாவது வரலைன்னா அதே பேங்க் தன்னோட சாதாரண வட்டிக்குத்தான் குடுக்கும். அப்போ ஆலைக்காரர் பின்வாங்கலாம், பாதி செஞ்ச மெஷின் உங்க ஷெட்டுல நிக்கும். கடிதத்துல "திட்ட ஒப்புதலுக்கு உட்பட்டது"ங்கற மாதிரி வரி இருக்குதான்னு தேடுங்க.

அடுத்தது கேரண்டி. டீலர் சொல்ற "ஐரோப்பா ஃபண்டு" எதுவா இருந்தாலும், இந்த வகைக் கேரண்டி எல்லாம் கடன் குடுத்த பேங்க்குக்குத்தான். சரக்கு அனுப்பினவருக்கு அதுல இடமே இல்லை. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் டென்மார்க், ஸ்பெயின் அரசுகளும் சேர்ந்து உருவாக்கின ஆப்பிரிக்கன் கேரண்டி ஃபண்டு நைரோபியில இருக்குது. அதுவும் பேங்க்கோட நஷ்டத்துல ஒரு பங்கைத்தான் ஏத்துக்குது. வழக்கமா இது பாதி. மீதிப் பாதி பேங்க் தலையில நிக்கறதால கேரண்டி இருந்தாலும் நிலப் பத்திரத்தைக் கேக்காம விட மாட்டாங்க.

நாட்டுக்கு நாடு இந்தப் பங்கு மாறும். ருவாண்டாவுல பிடிஎஃப்ங்கற நிறுவனம் பாதி வரைக்கும், பெண்கள், இளைஞர்கள் தொழிலுக்கு 75 சதம் வரைக்கும் கேரண்டி குடுக்குது. தான்சானியா வேளாண் வளர்ச்சி வங்கியோட சிறு விவசாயிகள் கேரண்டி திட்டம் பாதியில ஆரம்பிச்சு 70 வரைக்கும் போகும். கென்யா கருவூலம் 2020 டிசம்பர்ல ஏழு பேங்க்கோட ஆரம்பிச்சதுல வெறும் 25 சதம், அதுவும் 50 லட்சம் ஷில்லிங் வரைக்கும் உள்ள கடனுக்குத்தான். இங்க இந்தியாவுல சிறுதொழில் கடனுக்குக் கேரண்டி குடுக்கற சிஜிடிஎம்எஸ்இ 75-க்கு மேல தாங்கியுமே மேனேஜருங்க அடமானம் கேக்கறாங்க. 25-ஐ நம்பி எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்?

ஈரோட்டுச்சந்தை:

ஏனுங்க, இவ்வளவு சுத்துவழி எதுக்கு? நம்ம ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் பேங்க் ஆப்பிரிக்க நாடுகளுக்கு லைன் ஆஃப் கிரெடிட்னு கடன் குடுக்குதே. அதுல சேத்துவிட்டா இந்தியாவுலயே ரூபாயா பணம் வந்துரும்.

நொய்யல்கரை:

ஈரோட்டண்ணா, அந்த லைன் அரசாங்கத்துக்கு அரசாங்கம் குடுக்கறது. அந்த நாட்டு அரசு ஒரு திட்டத்தைக் குறிச்சு நம்ம வெளியுறவுத் துறைக்கிட்ட கேக்கோணும், அப்புறம் ஒப்பந்தம், அப்புறம் டெண்டர். ஒப்பந்த மதிப்புல பொதுவா 75 சதம் இந்தியாவுல இருந்து போகோணுங்கறது நமக்குச் சாதகம்தான். ஆனா தனியார் ஆலை ஒண்ணு வாங்கற 60,000 டாலர் மெஷின் அதுக்குள்ள நுழையாது.

சிறுதொழிலுக்குன்னே போன லைன் ஒண்ணு உண்டு. 2016 ஜூலையில கென்யாவோட ஐடிபி கேப்பிடல்ங்கற வளர்ச்சி நிதி நிறுவனத்துக்கு, அங்கத்த சின்ன, நடுத்தரத் தொழிலுக்குக் கடன் குடுக்க 1.5 கோடி டாலர். எல்டோரெட்டுல இருக்கற ரிவாடெக்ஸ் துணி ஆலையைப் புதுப்பிக்க அதே சமயத்துல 2.995 கோடி டாலர். ரிவாடெக்ஸ் மாதிரி ஆர்டர் நம்ம பக்கத்து ஜவுளி மெஷின்காரங்களுக்கு ஆகும், டெண்டர் போடற அளவு ஆட்களும் பழைய ஏற்றுமதிக் கணக்கும் இருந்தா.

எக்ஸ்பெல்லர் தம்பிக்கு எக்சிம்ல உதவற பொருள் வேற. டிரேட் அசிஸ்டன்ஸ் புரோகிராம்னு ஒண்ணு. கமர்ஷியல் பேங்க்குங்க தயங்கற நாடுகள்ல இருந்து வர்ற எல்சிக்கு எக்சிம் பொறுப்பேத்துக்கும். உங்க பேங்க் உகாண்டா எல்சியை கன்ஃபர்ம் பண்ண (அதுக்குத் தானும் பொறுப்பேத்துக்க) மாட்டேன்னு சொன்னா, அவங்க மூலமாவே இதைக் கேக்கச் சொல்லுங்க.

எக்ஸ்பெல்லர்கோவை:

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். நைரோபியில இன்னொரு விசாரணை இருக்குது. அங்க ஷில்லிங் கடன் 20-க்கு மேலங்கறாங்க, டாலர் கடன்னா 9-க்குக் கிடைக்கும்ங்கறாங்க. வெளிநாட்டு வளர்ச்சி நிறுவனங்க இவ்வளவு மலிவாப் பணம் குடுத்தும் கடைசியில ஏன் இவ்வளவு வட்டி? டாலர்லயே வாங்கச் சொல்லலாமுங்களா?

நொய்யல்கரை:

சொல்லாதீங்க. ஆலைக்காரர் எண்ணெய், புண்ணாக்கு வித்துக் கையில வாங்கறது ஷில்லிங். 2021 ஜனவரியில ஒரு டாலர் 110 கென்ய ஷில்லிங்கை ஒட்டி இருந்துது. அன்னைக்கு 50,000 டாலர் வாங்கினவருக்கு அசல் 55 லட்சம் ஷில்லிங். 2024 ஜனவரியில 160-ஐத் தொட்டுது. ஒரு ரூபாயும் அசல் கட்டாம விடுப்புக் காலத்துல இருந்திருந்தா அதே அசல் 80 லட்சம். அப்புறம் 130-ஐ ஒட்டி இறங்குச்சு, ஆனா நடுவுல தவணை தவறினவர் பேரு கிரெடிட் பீரோவுல ஏறினது ஏறினதுதான்.

வட்டி எப்படி ஏறுதுன்னு கணக்குக்காகப் போட்டுப் பாருங்க. வெளிநாட்டு நிறுவனம் நைரோபி பேங்க்குக்கு டாலர்ல 7-க்குக் குடுக்குதுன்னு வெச்சுக்குவோம். அதை ஷில்லிங்கா மாத்திக் கடன் குடுத்தா நாணயம் சரியற ஆபத்தை யாராவது தாங்கோணும். அதுக்குன்னே 2007-ல ஆம்ஸ்டர்டாம்ல டிசிஎக்ஸ்னு ஒரு நிதியம் ஆரம்பிச்சாங்க, ஹெட்ஜ் பண்ணிக் குடுக்கும், அதாவது அந்த ஆபத்தைத் தான் ஏத்துக்கும், ஆனா இலவசமா இல்லை. அதுக்கு ஒரு 6 வெச்சுக்கோங்க. சின்னக் கடனை ஆராய்ஞ்சு வசூல் பண்ற செலவு 4, வாராக்கடன் ஒதுக்கீடு 2, லாபம் 2. கூட்டினா 21. இதுல மலிவுப் பணத்தோட பங்கு மூணுல ஒண்ணுதான்.

கென்யாவுல இதைச் சட்டம் போட்டுக் குறைக்கப் பாத்தாங்க. 2016 செப்டம்பர்ல, மத்திய வங்கி வட்டிக்கு மேல 4 சதம்தான் வாங்கலாம்னு உச்சவரம்பு. பேங்க்குங்க என்ன பண்ணுச்சு? சின்ன ஆளுக்குக் குடுக்கறதைக் குறைச்சு அரசாங்கப் பத்திரத்துல போட்டுச்சு. 2019 நவம்பர்ல வரம்பை எடுத்துட்டாங்க. 2024 ஆரம்பத்துல அரசாங்கத்தோட ஒரு வருஷக் கடன் பத்திரமான டிரஷரி பில்லே 16 சதத்தைத் தாண்டி குடுத்துது. உக்காந்த இடத்துல அரசாங்கம் 16 குடுக்கறப்போ, ஆலைக்கு 20-க்குக் குடுத்துட்டு வசூலுக்கு அலைய எந்த பேங்க்குக்கும் மனசு வராது.

இன்னொரு கோளாறு, கடனோட காலம். வெளிநாட்டுப் பணம் 7 வருஷத்துக்கு வந்திருந்தாலும் பேங்க் ஆலைக்காரருக்கு 3 வருஷம்தான் குடுக்கும், கிடைக்கற மீதிக் காலத்துல அதே பணத்தை இன்னொரு தடவை சுத்தவிடும். உங்க வாடிக்கையாளர் வட்டியைப் பேரம் பேசறதைவிடத் தவணைக் காலத்தைப் பேசறது நல்லது. மாசத் தவணை உண்மையிலயே குறையறது அதுலதான்.

பவானிசங்கமம்:

பணம் எப்படி வரும்னு அண்ணா எழுதிட்டார். ஆலை ஓடித் தவணை கட்டுமான்னு யாரும் கேக்கலை. கட்டலைன்னா உங்களுக்கு அடுத்த ஆர்டர் இல்லை, அதனால இதையும் பாருங்க.

48,000 டாலர், டாலருக்கு 3,700 ஷில்லிங் வெச்சா 17.76 கோடி உகாண்டா ஷில்லிங். 5 வருஷம், மாசத் தவணை: 12 வட்டிக்கு சுமார் 39.5 லட்சம், 18 வட்டிக்கு சுமார் 45 லட்சம். வித்தியாசம் மாசம் ஐந்தரை லட்சம் ஷில்லிங், 150 டாலர் பக்கம். எல்லாரும் இதுக்குத்தான் சண்டை போடுவாங்க.

இப்ப விதையைப் பாருங்க. நாளைக்கு 10 டன். விதை வாங்கி, ஆட்டி, எண்ணெயும் புண்ணாக்கும் வித்துக் காசு திரும்ப 15 நாள்னாலும் 150 டன் விதைக்குக் கையில பணம் வேணும். கிலோ ஆயிரம் ஷில்லிங்னு குறைச்சு வெச்சாலே 15 கோடி, அதாவது மெஷின் கடன் அளவுக்குப் பக்கமா இன்னொரு கடன். அந்த வேளாண் திட்டத்துல நடைமுறை மூலதனத்துக்கு மொத்தக் கடன்ல 20 சதம்தான் உண்டு. 17.76 கோடில 20 சதம் சுமார் மூணரைக் கோடி. மூணரை நாள் விதை!

வடக்கு உகாண்டாவுல வருஷத்துக்கு ரெண்டு போகம் மழை. அறுவடை முடிஞ்ச சில வாரத்துலதான் விதை மலிவு. அந்த வாரத்துல ரொக்கம் வெச்சிருக்கற பெரிய ஆலை அள்ளிட்டுப் போயிரும். ரொக்கம் இல்லாத சின்ன ஆலை அப்புறம் வியாபாரிகிட்ட ஏத்துன விலைக்கு வாங்கி, பாதி நாள் ஓட்டி, தவணை தவறும். இந்தக் கடன் கெட்டுப் போறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், மெஷின்ல குத்தம் கிடையாது. ஆலைக்காரர்கிட்ட விதைக்கு ஓவர்டிராஃப்ட் தனியா சாங்ஷன் ஆகியிருக்குதான்னு கேளுங்க. இல்லைன்னா 10 டன் லைனை வித்தே ஆகோணும்னு நிக்காம, இப்ப ஒரு எக்ஸ்பெல்லர், இன்னொண்ணுக்கு ஃபவுண்டேஷன் மட்டும்னு 5 டன்ல ஆரம்பிக்கச் சொல்லுங்க.

கரன்ட் இன்னொரு தலைவலி. அங்கயும் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டார் மாத்த வேண்டாம். ஆனா திரீ பேஸ் இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் வர்ற வரைக்கும் அசல் விடுப்பு பாட்டுக்கு ஓடும். விடுப்புக் காலம் பணம் விட்ட தேதியில இருந்து எண்ணாம, ஆலை ஓட ஆரம்பிச்ச தேதியில இருந்து எண்ணும்படி பேங்க்ல பேசச் சொல்லுங்க. சம்மதிக்கலைன்னா குறைஞ்சது 12 மாச விடுப்பு கேக்கட்டும்.

நீங்க முன்கூட்டியே குடுக்கற விலை இன்வாய்ஸான புரோஃபார்மாவுல இல்லாத எதுக்கும் பேங்க் பணம் விடாது. கப்பல் கூலி, இறக்கி நிறுத்தற ஆள் செலவு, பேனல் போர்டு, ரெண்டு செட் வார்ம், கேஜ் பார் (பிழியற கூண்டோட கம்பிங்க) எல்லாத்தையும் இப்பவே அதுல போட்டுருங்க. மண்ணோட வர்ற விதையில வார்ம் சீக்கிரம் தேயும், புண்ணாக்குல 7-8 சதம் நிக்க வேண்டிய எண்ணெய் 12-க்கு ஏறும், லாபம் முழுக்க புண்ணாக்கோட போயிரும். ஒரு கிளீனர் சல்லடையையும் லைன்ல சேர்த்துக் குடுங்க.

எல்சி மேசை:

பவானி அக்கா சொன்ன 5 டன் யோசனை நல்ல யோசனை. தொகை குறைஞ்சா எல்சியும் சுலபம்.

இனி எல்சி ஷரத்து. 20 சதம் முன்பணம் பேங்க் டிரான்ஸ்ஃபரா வந்த பிறகே உற்பத்தி. எல்சில 70 சதம் கப்பல் டாக்குமெண்ட்டுக்கு சைட்ல, மீதி 10 சதம் மெஷின் ஓட்டிக் காட்டின பிறகு வேணும்னு அவங்க கேட்டா ஒத்துக்கலாம். ஆனா அதுக்கு ஒரு கடைசித் தேதி போடுங்க: கப்பல் ஏறி 150 நாளுக்குள்ள சான்று வரலைன்னாலும் பணம் வரோணும். இல்லைன்னா டிரான்ஸ்ஃபார்மர் வராததுக்கு உங்க 10 சதம் காத்திருக்கும்.

கடைசி ஏற்றுமதித் தேதி எல்சி வந்த நாள்ல இருந்து குறைஞ்சது 14 வாரம் கேளுங்க. உற்பத்தி 10 வாரம்னு சொல்லி 10 வாரத்துக்கே எல்சி வாங்கிட்டு அப்புறம் திருத்தத்துக்கு அலையறவங்க அதிகம். நடுவுல உகாண்டா தர நிர்ணய அமைப்போட பிவிஓசி, அதாவது ஏத்தறதுக்கு முன்னாடி பண்ற தர ஆய்வு இருக்குது. எஸ்ஜிஎஸ், இன்டர்டெக் மாதிரி அவங்க அங்கீகரிச்ச ஏஜென்சி இங்கயே வந்து பாத்துச் சான்று குடுப்பாங்க. சான்று இல்லாம கென்யாவோட மொம்பாசா துறைமுகத்துல போய் இறங்கினா அபராதம், கன்டெய்னர் வாடகை ரெண்டும் சேரும். எச்எஸ் கோடு (சுங்க வகைப்பாட்டு எண்) 8479.20. புரோஃபார்மா, பேங்க் கடிதம், எல்சி, பிவிஓசி விண்ணப்பம் நாலுலயும் மெஷின் பேரும் மாடலும் ஒரே எழுத்துல இருக்கோணும். ஒண்ணுல "ஆயில் மில்", இன்னொண்ணுல "ஆயில் எக்ஸ்பெல்லர்"னு இருந்தா டிஸ்கிரிபன்சி, அதாவது டாக்குமெண்ட் ஒத்துப்போகலைன்னு சொல்லி திருப்பிருவாங்க.

நைரோபி ஆர்டருக்கு விலையை சிஐஎஃப்னு (இன்சூரன்ஸ், கப்பல் கூலி ரெண்டும் சேத்து) குடுக்காதீங்க, சிஎஃப்ஆர் (கப்பல் கூலி மட்டும் சேத்து) போதும். 2017-ல இருந்து கென்யாவுல இறக்குமதிச் சரக்குக்கு மரைன் இன்சூரன்ஸ் உள்ளூர்லதான் எடுக்கோணும்.

18 மாசக் கடன் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு பார்ட்டி பணம் தராம போனா ஈடு தர்ற நம்ம அரசாங்க ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசியோட சாதாரணப் பாலிசி 180 நாள் வரைக்கும், அனுமதி வாங்கினா 360 நாள் வரைக்கும். அதுக்கு மேல போனா நடுத்தர, நீண்டகாலக் கடன் ஏற்றுமதி விதிக்குள்ள போயிருவீங்க. பேங்க் அனுமதி, தனிப் பாலிசி, தனிக் கட்டணம். 60,000 டாலருக்கு அது கட்டுபடி ஆகாது. 180 நாள் குடுக்கறதா இருந்தாலும் சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே அந்த ஆலை பேர்ல இசிஜிசிகிட்ட பையர் லிமிட் (அந்த வாங்கறவருக்கு ஒத்துக்கற காப்பீட்டு வரம்பு) வாங்கிக்கோங்க, டீலர் பேர்ல இருக்கறது செல்லாது. தவணை தவறினதும் ஓவர்டியூ (பணம் வரலைங்கற) அறிக்கையை இசிஜிசிக்கு நேரத்துக்கு அனுப்போணும். "நல்ல பார்ட்டி, குடுத்துருவார்"னு அறிக்கை அனுப்பாம விட்டாத்தான் கிளெய்ம் அடிபடும்.

நொய்யல்கரை:

கடன் குடுத்தே ஆகோணும்னு நிலைமை வந்தா இன்னொண்ணு. "பணம் முடியும் வரை மெஷின் எங்களுக்குச் சொந்தம்"னு இன்வாய்ஸ்ல எழுதினா மட்டும் போதாது. உகாண்டாவுல 2019-ல அசையும் சொத்து மேல அடமான உரிமைக்குன்னு சட்டம் வந்துருச்சு, கென்யாவுல 2017-லயே வந்துது. ரெண்டு நாட்டுலயும் ஆன்லைன் பதிவேடு இருக்குது. மெஷின் ஆலைக்காரர் கைக்குப் போறதுக்கு முன்னாடி, சீரியல் நம்பரோட உங்க உரிமையை அங்க வக்கீல் மூலமா பதிஞ்சுருங்க. முந்திப் பதிஞ்ச பேங்க் இருந்தா அவங்களுக்கு அடுத்து நீங்க நிக்க வேண்டி வரலாம், பதிவேட்டைத் தேடிப் பாத்துட்டே முடிவு எடுங்க.

எக்ஸ்பெல்லர்கோவை:

கடைசியா ஒண்ணுங்க. டீலர் எல்சியைத் தன் கம்பெனி பேர்ல திறக்கறேங்கறார். ஒத்துக்கலாமுங்களா?

எல்சி மேசை:

வேண்டாம். கடன் ஆலை பேர்ல, எல்சி டீலர் பேர்லன்னா அந்த எல்சிக்குப் பின்னாடி இருக்கறது வேற பணம், வேற லிமிட். டீலர் ஒரு விலைக்கு ஆலைக்குப் புரோஃபார்மா குடுத்து, உங்ககிட்ட வேற விலைக்கு வாங்கறார்னும் அர்த்தமாகலாம். பேங்க் அதைக் கண்டுபிடிச்சா கடனையே நிறுத்தும். எல்சில விண்ணப்பதாரர் ஆலைதான் இருக்கோணும். கப்பல் கம்பெனி குடுக்கற சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங் "டு ஆர்டர்"னு எல்சி திறந்த பேங்க் பேர்ல இருக்கோணும், நோட்டிஃபை பார்ட்டியா (சரக்கு வந்ததும் தகவல் போக வேண்டியவரா) வேணும்னா டீலர் பேரைப் போட்டுக்கோங்க. டாக்குமெண்ட் உங்க பேங்க்ல இருந்து அந்த பேங்க்குக்குப் போகோணும், டீலர் கைக்கு ஒரு ஒரிஜினலும் போகக்கூடாது. அவருக்குக் கமிஷன் எவ்வளவுன்னு இன்வாய்ஸ்லயும் ஷிப்பிங் பில்லுலயும் காட்டிட்டு, பணம் வந்த பிறகு உங்க பேங்க் மூலமா அனுப்புங்க.